ஆயாக்கொட்டகை வீரம்மாவின் வலது கை

எங்க புறாமலை ரப்பர்த் தோட்டத்துல கணக்கு எழுதுற பெரிய கிராணி நவமணிக்குக் கோவம் வந்தாக்கூடச் சமாளிச்சுக்கலாம். திட்டுவார், ஒரு நாள் பேர் வெட்டிச் சம்பளத்தைப் பிடிப்பார், அதோட போச்சு. இரக்கம் வந்துச்சுன்னாதான் ஆபத்து. உடனே நோட்டீசு எழுதி ஒட்டிடுவார். போன வருஷம் என் மேல இரக்கப்பட்டு ஒண்ணு எழுதினார். இன்னும் ஆபீசு சுவத்துல பழுத்துப்போய்த் தொங்குது. "விதவை ரோசம்மாள் மனம் நோகாதிருக்கும் பொருட்டு, இத்தோட்ட எல்லைக்குள் சூலக்குறி எதையும் வெளியில் தெரியும்படி வைக்கலாகாது." விதவை ரோசம்மாள்ங்கிறது நான்தான். உனக்கு நோகுதா, எங்க நோகுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. என் மனசைப் பத்தி என்னைத் தவிர மத்த எல்லார்கிட்டயும் கலந்து பேசிட்டு எழுதியிருந்தார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்.

அந்த நோட்டீசால ஒரு பொம்பளையோட கை வெந்துபோக இருந்துச்சு. அவ பேர் வீரம்மா. அவ கதையைத்தான் சொல்ல வந்தேன். நடுவுல கிராணி, கங்காணின்னு குப்பையும் வரும். அதுங்க இல்லாம எங்க தோட்டத்துல எந்தக் கதையும் நடக்காது, என்ன செய்ய.

வீரம்மா எங்க தோட்டத்து ஆயா. கோப்பெங் பக்கம் எல்லாத் தோட்டத்துலயும் இருக்கிற மாதிரிதான், பால் வெட்டப் போற பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாலேயே பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போய் ஆயாக்கொட்டகையில விடணும். விட்டுட்டு, பேர் கூப்பிடுற பெரட்டுக்கு மணி அடிக்கிறதுக்குள்ள களத்துக்கு ஓடி வரிசையில நிக்கணும். மத்தியானம் பாலை ஸ்டோர்ல ஊத்திட்டு வந்து தூக்கிக்குவோம். அதுவரைக்கும் இருபத்தஞ்சு முப்பது உருப்படி அவ தலையில. தொட்டில் ஆட்டுறது, கஞ்சி காச்சுறது, பீத்துணி அலசுறது, குளிப்பாட்டுறது, எல்லாம் அந்த ஒருத்திதான். மூக்குப்பொடி போடுவா. வாயைத் திறந்தா ஊரு நாறும். ஆனா அவகிட்ட விட்ட பிள்ளை ஒண்ணுகூடச் சொறி சிரங்கோட வீட்டுக்கு வந்ததில்ல.

முசிறிப் பக்கத்துக்காரி. புருசனோட நாகப்பட்டணத்துல கப்பலேறி வந்தவ. வந்த ரெண்டாம் வருஷமே அந்த ஆளு காய்ச்சல்ல போயிட்டான். வயித்துல ஒண்ணும் தங்கல. ஊர்ல ஒரு அண்ணன் இருந்தான், அவனும் செத்துட்டான்னு கடுதாசி வந்துச்சு. அந்தக் கடுதாசியோட அவளுக்குப் போக்கிடம்னு ஒண்ணு இந்த உலகத்துல இல்லாமப் போச்சு. தோட்டத்தை விட்டுப் போன்னு சொன்னா, ஈப்போ ரோட்டு ஓரத்துல மூட்டையோட நிக்க வேண்டியதுதான். இதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

அவளோட வலது கையில, முழங்கைக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை குத்தின சூலம் இருக்கும். அவளுக்கு முன்னால பொறந்த மூணும் தக்கலைன்னு அவ அம்மா மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டாளாம். இவ தங்கினா கையில சூலம் குத்துறேன்னு. ஒன்பது வயசுல குறத்தியை வரவச்சுக் குத்தியிருக்காங்க. இவ குறத்தி தொடையைக் கடிச்சு வச்சிருக்கா. அதனால நடு முனை கோணல். "அம்மன் கையில நேரா இருக்கும், என் கையில கோணலா இருக்கும், ஆளுக்கேத்த சூலம்"னு அவளே சொல்லிச் சிரிப்பா. கப்பலேத்தறப்போ அங்க அடையாளம்னு எழுதினதும் அதுதான். எங்க தோட்டத்துப் பேர்ப் புத்தகத்துலயும் வீரம்மா பேருக்கு நேரா "வலக்கையில் சூலம்"னு இருக்கு. எழுதினது சாட்சாத் நவமணி கிராணி. பிள்ளைங்களைக் குளிப்பாட்டுறப்போ, வெந்நீர் சூடு பாக்க முதல் சொம்பை அந்தச் சூலத்து மேலதான் ஊத்திப் பாப்பா. அது பொறுத்தாத்தான் பிள்ளை மேல ஊத்துவா.

இப்பக் குப்பைக்கு வாரேன்.

பெரிய வெள்ளம் வந்துச்சே, அந்த வருஷம்தான் பிச்சைமுத்துன்னு ஒருத்தன் கிளம்பினான். ஈப்போவுல ஒரு ஜவுளிக்கடையில துணி கிழிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தவன். திடீர்னு காவித்துண்டு போட்டுக்கிட்டான், "சூலப்படை"ன்னு ஒண்ணு ஆரம்பிச்சான். முதல்ல கள்ளுக் குடிக்காதேன்னான். சரி, நல்ல பேச்சுதானேன்னு நாங்களும் கேட்டோம். அடுத்த மாசம், வேதத்துல சேந்த கிறிஸ்தவங்கல்லாம் பழைய சாமிக்குத் திரும்பணும், இல்லேன்னா தோட்டத்தைக் காலி பண்ணணும்னான். கள்ளுக்குடத்துல ஆரம்பிச்சு எங்க கழுத்துக்கு வந்துட்டான். அவன் ஆளுங்க சட்டையில சூலம், கொடியில சூலம், கையில தடி. ஆதிகாலத்துலேருந்து ஆத்தா கையில இருக்கிற சாமான் அது. இந்தத் துணி கிழிக்கிற பய அதை ஆத்தாகிட்டக் கேட்டா எடுத்தான்?

எங்க தோட்டத்துக் கோயில்ல அவனுக்கு மாலை போட்டது யாருன்னு கேளுங்க. பெரிய கங்காணி சின்னையா. கோயில் தலைவரும் அவர்தான், ஸ்டோர் சாவியும் அவர்கிட்டத்தான். மாரியம்மன் கோயில் முன்னால நட்டிருந்த பெரிய இரும்புச் சூலத்துக்குப் பக்கத்துல பிச்சைமுத்துவை நிக்க வச்சு மாலை போட்டார். வரிசை வீட்டு லயத்து ஆளுங்க கை தட்டினாங்க. எல்லாரும் மனசோட தட்டினாங்கன்னு சொல்ல மாட்டேன். பக்கத்துல இருக்கிறவன் தட்டுறானேன்னு தட்டினவன் பாதிப் பேர். அந்தச் சத்தத்துல எது எதுன்னு யாரு கண்டா.

ஒரு வாரம் கழிச்சு, காலையில எந்திரிச்சுப் பாத்தா வேதக்காரங்க ஏழு வீட்டுக் கதவுலயும் தாரால சூலம் போட்டிருந்துச்சு. ஆறு வீட்டுல அப்படியே விட்டுட்டாங்க. எங்க வீட்டுக்காரரு செபாஸ்டியன் மட்டும் மண்ணெண்ணெயும் தேங்காநாரும் எடுத்துட்டு உக்காந்துட்டாரு. "நம்ம கதவு. நாமதான் துடைக்கணும்"னாரு. அவர் யாரையும் வையல. தேச்சுத் தேச்சு எடுத்துட்டுக் கைகழுவிட்டு வேலைக்குப் போயிட்டாரு.

அந்த ஞாயித்துக்கிழமை பூசை பாத்துட்டு நாங்க மூணு பேரும் வந்துக்கிட்டு இருந்தோம். பிள்ளை பியாட்ரிஸ் என் இடுப்புல. நல்ல மத்தியானம், வெயில் அடிக்குது. கோயில் களத்துக்குப் பக்கத்துல எட்டுப் பேர் வந்தானுங்க. எட்டுச் சட்டையிலயும் சூலம். தடியால அடிச்சானுங்க. நான் கத்தினேன். லயத்துக் கதவு ஒவ்வொண்ணாச் சாத்துற சத்தம்தான் எனக்குப் பதிலா வந்துச்சு. வீரம்மா வீட்டுக் கதவும் சாத்துச்சு. அதை என் கண்ணால பாத்தேன். மூணாம் நாள் ஆஸ்பத்திரியில அவர் உசுரு போயிடுச்சு.

போலீசு வந்துச்சு. அஞ்சு பேர் ஜெயிலுக்குப் போனானுங்க. பிச்சைமுத்து காவித்துண்டைக் கழட்டிப் போட்டுட்டு லூமுட்டுல படகேறி ஓடிட்டான், தர்மத்தைக் காப்பாத்தின வீரன். மாலை போட்ட சின்னையா கங்காணி என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு அன்னிக்கே அவன் மேல ஒரு சந்தேகம்"னார். போட்ட மாலை கோயில் மூலையில இன்னும் காஞ்சுகூட முடியல. தூ!

போலீசு அதிகாரி போறப்போ கோயில் சூலத்தை ஒரு மாதிரியா பாத்துட்டுப் போனார். அதுல தோட்டத்தை நடத்துற வெள்ளைக்காரத் தொரைக்குப் பயம். தொரை பயத்தைப் பாத்துக் கிராணிக்கு இரக்கம். நோட்டீசு ஒட்டியாச்சு. கோயில் சூலத்தைப் பிடுங்கணும்னு பேச்சு வந்தப்போ, சின்னையாவுக்கு ஆத்தா கண்ணைக் குத்திடுவாளோன்னு நடுக்கம். பிடுங்காம, ரங்கூன் அரிசிச் சாக்கு ஒண்ணைக் கவுத்து மூடி, கயித்தால கட்டி வச்சார். சட்டத்துக்கும் ஆச்சு, சாமிக்கும் ஆச்சு. அவ்வளவு மூளை.

முதல் வாரம் எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை எவளோ சாக்குக்கு மஞ்சள் பூசினா. அந்த மாசம் கப்பல்ல புதுசா வந்த ஆளுங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. இந்த ஊர்ல சாமி இப்படித்தான் போலன்னு விழுந்து கும்பிட்டாங்க. ஒருத்திக்குப் பல்வலி நின்னுச்சாம். "கோணியம்மா"ன்னு பேரு வச்சாச்சு. ஆடிக்குள்ள சாக்குக்கு வெள்ளிக் கண்மலர் ஒட்டியாச்சு. கோயில் தலைவர் சின்னையா கங்காணி, அரிசிச் சாக்குக்கு முன்னால நின்னு, கண்ணை மூடிக்கிட்டு, கற்பூரம் காட்டினதை நான் ரோட்டுலேருந்து பாத்தேன். புருசன் செத்த பிறகு நான் சிரிச்சது அன்னிக்குத்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சுன்னு சொல்லுவாங்க, இவனுங்களுக்குக் குரங்கு பிடிக்கக்கூடத் துப்பில்ல.

சரி, மத்தவனைச் சொல்லிட்டேன். என்னையும் சொல்லணும்லா.

நாப்பதாம் நாள் பூசை முடிஞ்சு நான் வேலைக்குத் திரும்பினேன். விடியக்காலையில பியாட்ரிசைத் தூக்கிட்டு ஆயாக்கொட்டகைக்குப் போனா, வீரம்மா வாசல்ல அரிக்கேன் விளக்கோட நிக்கிறா. எப்பவும் ரெண்டு கையையும் நீட்டி, "வாடி என் வெள்ளைக்காரி"ன்னு பிள்ளையை அள்ளிக்குவா. அன்னிக்கு இடது கையை மட்டும் நீட்டினா. வலது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டா. முகத்தையும் பாக்கல. நான் பிள்ளையைக் குடுத்துட்டு வந்துட்டேன். மறுநாளும் இடது கை. அதுக்கு அடுத்த நாளும் இடது கை.

நம்ம ஆளுங்கள்ல யாராவது ஒரு வெத்தலையைக்கூட இடது கையால வாங்குவாங்களா? பிச்சை எடுக்கிறவன்கூட வாங்க மாட்டான். என் பிள்ளையை வாங்குறா! தாலியறுத்தவ பிள்ளை, அடிபட்டுச் செத்தவன் பிள்ளை, இதுக்கு இது போதும்னு நினைக்கிறான்னு நான் முடிவு கட்டிட்டேன். அன்னிக்குக் கதவைச் சாத்தினவதானே, இன்னிக்குக் கையையும் சாத்துறா. பத்து நாள் உள்ளுக்குள்ளேயே வச்சுப் பொருமினேன். பதினோராம் நாள் குழாயடியில, பத்துப் பொம்பளைங்க நிக்கிறப்போ வாய் விட்டுட்டேன். "கையில சூலத்தைக் குத்திக்கிட்டு என் பிள்ளையை இடது கையால வாங்குறா. அந்தச் சூலத்தைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது"ன்னேன். நான் சொன்னதுதான். இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

பக்கத்துல சின்னையா கங்காணியோட கொழுந்தியா ராக்காயி குடம் வச்சுக்கிட்டு நின்னா. அவளுக்கு ரொம்ப நாளா ஆயா வேலை மேல ஒரு கண்ணு. வெயில்ல நிக்க வேண்டாம், மழையில நனைய வேண்டாம்னு நினைப்பு. பீ அள்ளுறதை மறந்துட்டா போல. பாதிக் குடம்கூட நெறையல, கிளம்பிட்டா. சாயங்காலத்துக்குள்ள என் வயித்தெரிச்சல் கிராணி மேசைக்குப் போயிடுச்சு.

வீரம்மாவைக் கூப்பிட்டு, கையில துணி சுத்திக்கோன்னு உத்தரவு போட்டாங்க. சுத்திக்கிட்டா. நாள் முச்சூடும் தண்ணியிலயும் மூத்திரத்துலயும் புழங்குற கை. மூணாம் நாள் துணி நாறுது, உள்ள அரிக்குது. அந்த ஊத்தைத் துணியோட பச்சைப்பிள்ளையைத் தொட மாட்டேன்னு கழட்டி அடுப்புல போட்டுட்டா. அப்பத்தான் சின்னையா கங்காணி ஒரு வழி சொன்னார். ஸ்டோர்ல பாலை உறைய வைக்க ஆசிட் ஊத்துவோம்லா, தண்ணி கலக்காம ஒரு சொட்டு பட்டாலே தோல் உரிஞ்சுடும், அந்த ஆசிட்டை ஊத்தி எரிச்சுட்டாக் குறி போயிடும்னார். கிராணியும் தலையை ஆட்டினார். சனிக்கிழமை காலையில பெரட்டுல, மருந்து கட்டுற டிரெசரை வச்சுக்கிட்டு, எல்லாருக்கும் முன்னால செஞ்சுக்கணும். இல்லேன்னாப் பேரை வெட்டி அன்னிக்கே தோட்டத்தை விட்டு அனுப்புறது. சொன்ன மறுநாளே ராக்காயி கொட்டகைக்கு வந்து எத்தனை தொட்டில் இருக்குன்னு எண்ணிட்டுப் போனா.

இதெல்லாம் எனக்கு வியாழக்கிழமை மத்தியானம்தான் தெரியும். பிள்ளையைத் தூக்கப் போனேன். பியாட்ரிஸ் வீரம்மா மடியில தூங்குது, கன்னத்தை அந்தச் சூலத்து மேலேயே வச்சுக்கிட்டு. எனக்குச் சுருக்குன்னு ஏறுச்சு. வெடுக்குன்னு பிள்ளையைப் பிடுங்கினேன்.  இடது கையால மூக்குப்பொடி டப்பாவைத் தேடிக்கிட்டே பேசினா.

"ரோசம்மா, சனிக்கிழமையிலேருந்து ஒரு பத்து நாளைக்குப் பிள்ளையை உங்க லயத்து முத்தம்மாகிட்ட விடு. என் கை ஆறணும்."

"கைக்கு என்ன?"

சொன்னா. கஞ்சிக்கு உப்புப் போட்டாச்சுங்கிற மாதிரி சொன்னா.

"நீ எதுக்கு ஊத்திக்கிறே? மாட்டேன்னு சொல்லு அக்கா."

"சொல்லிட்டு? ரோட்டுல நிக்கவா? நீ சோறு போடுவியா? நீதானே பாத்தா வயிறு எரியுதுன்னியாம்."

"ஆமா, சொன்னேன். நீ மட்டும் என்ன? என் பிள்ளையை இடது கையால வாங்குறே. நாயிக்குச் சோறு போடுற மாதிரி. அதான் சொன்னேன்."

வீரம்மா பொடியை உறிஞ்சப் போனவ அப்படியே நிறுத்திட்டா. என்னையே பாத்தா.

"அடி கூறுகெட்டவளே," அப்படின்னா. "வலது கையை நீட்டினா உன் மூஞ்சிக்கு நேரா என்னடி நிக்கும்? புருசனைப் பறிகுடுத்துட்டு விடியக்காலையில வர்றே. எந்திரிச்சதும் அதுலயா முழிக்கணும்? அதான் பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டேன். ஒரு கையால உன் பிள்ளையைத் தூக்கித் தூக்கி எனக்குத் தோள்பட்டை விட்டுப்போச்சு. இடது கையாம், நாயிக்குச் சோறாம்! வாயில போடு ரெண்டு."

 எம்புத்தி சும்மா இருக்குமா? தோத்துட்டோம்னு தெரிஞ்சா பழசைக் கிளறும்.

"அன்னிக்கு உன் கதவும்தானே சாத்துச்சு," அப்படின்னேன்.

"சாத்துச்சு," அப்படின்னா. "நான்தான் சாத்தினேன். பயத்துல சாத்தினேன். கதவுக்குப் பின்னால உக்காந்து காதைப் பொத்திக்கிட்டேன். அதுக்குன்னு சொல்லு, நானே ஆசிட்டை வாங்கி ஊத்திக்கிறேன். எவனோ ஒரு களவாணி ஆத்தா சாமானைத் திருடினதுக்கு எங்க அம்மா வேண்டுதலை எரிக்கச் சொன்னா, அதுதாண்டி பொறுக்கல எனக்கு."

சொல்லிட்டு அழுதா. வீரம்மா அழுது நான் பாத்ததே இல்ல. ரெண்டு தொட்டில்ல பிள்ளைங்க முழிச்சுக்கிச்சு. மூக்கைத் துடைச்சுக்கிட்டு ஆட்டப் போயிட்டா.

வெள்ளிக்கிழமை பூரா எனக்கு மரத்துல கை ஓடல. மூணு மரத்துல பட்டையைக் காயப்படுத்திட்டேன். காயம் பட்ட மரத்துக்குத் தார் பூசணும், அதுதான் வழக்கம். தாரைக் கேட்டு வாங்க ஸ்டோருக்குப் போனேன். சின்னையா கங்காணி இடுப்புலேருந்து சாவியை எடுத்து, ரூமைத் திறந்து, டின்னுலேருந்து ஒரு சிரட்டையில ஊத்திக் குடுத்துட்டு மறுபடியும் பூட்டினார். ஒரு சிரட்டைத் தாருக்கு அத்தனை பூட்டு, அத்தனை கவனம். நான் அந்தச் சிரட்டையைக் கையில வச்சுக்கிட்டு நடந்தேன். ஏழு கதவு நினைப்பு வந்துச்சு. புதுசா ஒண்ணும் தெரிஞ்சுக்கல. எங்க லயத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சொல்லத்தான் யாருக்கும் வாய் இல்ல. எனக்கும் இல்ல.

சனிக்கிழமை காலை. பெரட்டுக் களத்துல வாளியோட வரிசையில நிக்கிறோம். வெளுத்துக்கிட்டு வருது. தொரை நாயோட வந்து நின்னார். கிராணி பக்கத்துல பேர்ப் புத்தகம். ஒரு முக்காலி போட்டு அதுக்கு முன்னால வீரம்மாவை உக்கார வச்சாங்க. டிரெசர் ஆசிட் சீசாவோட நின்னார்.  வீரம்மா வலது கையை முக்காலிப் பலகையில நீட்டி வச்சுட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டா. ராக்காயி நல்ல சேலை கட்டிட்டு வந்திருந்தா.

தொரைக்கு எங்க தமிழ் தெரியும். எங்ககிட்டதான் கத்துக்கிட்டார், பெரியவங்க சின்னவங்க எல்லாரையும் "நீ"ம்பார். "ரோசம்மா சொன்னாளா இது வேணும்னு?" அப்படின்னு கிராணியைக் கேட்டார்.

"ஆமாங்க தொரை. அவ மனசு ரொம்ப நோகுதுங்க," அப்படின்னார் கிராணி.

நான் வாளியைக் கீழே வச்சேன். முன்னால போனேன். 

"தொரை, நோட்டீசுல என் பேர்தான் இருக்கு. நான் பேசலாமா?"

"பேசு."

"அந்தச் சூலத்தைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது தொரை. பொய் சொல்லல. கோயில்ல இருக்கிறதும் எரியுது. சாக்கு போட்டு மூடினா, உள்ள இருக்குன்னு தெரிஞ்சு இன்னும் எரியுது. எங்க வீட்டுக்காரரை அடிச்சவனுங்க சட்டையில அது இருந்துச்சு. ஆனா இந்தப் பொம்பளை கையில அதைக் குத்துறப்போ அந்தப் பிச்சைமுத்து எங்கயாவது மூக்கு ஒழுகிக்கிட்டு மண்ணு தின்னுக்கிட்டு இருந்திருப்பான். என் கதவுல இருந்தது பச்சை இல்ல தொரை, தாரு. ஏழு கதவுக்குத் தாரு. நேத்து மரத்துக்குப் பூச ஒரு சிரட்டைத் தாரு வாங்கினேன். பூட்டைத் திறந்து குடுத்தாங்க, உடனே பூட்டிட்டாங்க. அன்னிக்கு ஏழு கதவுக்கு யார் தொரை திறந்து குடுத்தது?"

 களத்துல இருந்த அத்தனை கண்ணும் ஒரே பக்கம் திரும்புச்சு. சின்னையா கங்காணி சட்டுன்னு கையைக் கொண்டுபோய் இடுப்புச் சாவியைப் பொத்திக்கிட்டார். யாரும் அவர் பேரைச் சொல்லல. அவரே பொத்திக்கிட்டார். மடியில கனம் இருந்தா அப்படித்தான்.

"ஆசிட் ஊத்தித்தான் ஆகணும்னா, அந்தச் சாவியைப் பொத்தியிருக்கிற கையில ஊத்தச் சொல்லுங்க," அப்படின்னேன். "அப்ப என் வயிறு கொஞ்சம் ஆறும்."

தொரை சின்னையாவைப் பாத்தார், கிராணியைப் பாத்தார், அப்புறம் கைக்கடிகாரத்தைப் பாத்தார். வெயில் ஏறினாப் பால் வடியாது, அதுதான் அவர் கவலை. "சாவியைக் கிராணிகிட்டக் குடு. ஆசிட்டை ஸ்டோர்ல வை. எல்லாரும் வேலைக்குப் போ," அப்படின்னுட்டு நாயைக் கூப்பிட்டுக்கிட்டுப் போயிட்டார். அவ்வளவுதான் எங்க தோட்டத்து நியாயம். சின்னையாவை யாரும் ஒண்ணும் கேக்கல. இன்னிக்கும் அவர்தான் பெரிய கங்காணி. எனக்குத்தான் திங்கக்கிழமையிலேருந்து மலைச்சரிவுல, கால் வழுக்குற இடத்துல மர நிரை குடுத்தாங்க. ராக்காயி நல்ல சேலையை அவுத்து மடிச்சு வச்சுட்டுக் களை வெட்டப் போனா. வீரம்மா முக்காலியைத் தூக்கிக்கிட்டுக் கொட்டகைக்குப் போனா. கை கையாவே இருந்துச்சு. அது போதும்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. பூசையிலேருந்து வந்தவ நேரா கோயில் களத்துக்குப் போனேன். அந்த இடத்துல அவர் விழுந்த பிறகு நான் கால் வச்சதில்ல. இடுப்புல சொருகிட்டு வந்த பால் வெட்டுற கத்தியால கயித்தை அறுத்து, சாக்கை உருவிப் போட்டேன். "ஐயோ கோணியம்மா!"ன்னு நாலு பேர் அலறினாங்க. சின்னையா கங்காணி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஓடி வந்தார்.

"ரோசம்மா, என்ன காரியம் பண்ணுறே? உன் மனசு நோகக் கூடாதுன்னுதானே மூடி வச்சோம்!"

"எனக்காக மூடல கங்காணி. இதுக்குப் பக்கத்துல நின்னுதான் நீங்க அவனுக்கு மாலை போட்டீங்க. இதை நீங்க பாக்க முடியாமத்தான் மூடினீங்க. நான் பாத்துக்கிறேன், எனக்கு எரிஞ்சாலும் பரவால்ல. நீங்களும் தினம் வந்து பாருங்க."

வேதக்காரி சூலத்தைத் திறந்து வச்சுட்டான்னு ஊர்ல பேச்சு. எங்க ஆளுங்களுக்கே என் மேல கோவம், இந்தச் சனியன் மறைஞ்சு தொலைஞ்சுதேன்னு இருந்தோம், இவ தோண்டி எடுத்துட்டாளேன்னு. அவங்க பேசுறதும் நியாயம்தான், அந்த ஆறு கதவுல தார்க்கறை இன்னும் போகல.  அந்தச் சாக்கையோ, புதுசா வந்த ஆளுங்க பத்திரமா எடுத்துட்டுப் போய், கோயிலுக்குப் பின்னால ஒரு குச்சியில மாட்டி, இன்னிக்கும் எலுமிச்சம்பழம் வச்சுக் கும்பிடுறாங்க. அதைப் பத்தி நோட்டீசு எழுதக் கிராணிக்கு இன்னும் இரக்கம் வரல.

திங்கக்கிழமை விடியக்காலையில பிள்ளையைத் தூக்கிட்டுப் போனேன். வீரம்மா விளக்கோட வாசல்ல நின்னா. பழக்க தோசத்துல வலது கை முதுகுக்குப் பின்னால போச்சு, இடது கை முன்னால வந்துச்சு.

"அக்கா, வலது கையை நீட்டு," அப்படின்னேன்.

"வேணாம்டி. உனக்கு எரியும்."

"எரியட்டும். நீட்டு."

நீட்டினா. விளக்கு வெளிச்சத்துல அந்தக் கோணல் முனை என் மூஞ்சிக்கு நேரா நின்னுச்சு. வயிறு எரியத்தான் செஞ்சுச்சு. கண்ணைத் திருப்பாம, பிள்ளையை அந்தக் கையில குடுத்தேன். பெரட்டு மணி அடிச்சுது, வாளியைத் தூக்கிட்டு ஓடினேன்.